நாய்க்கு ஒரு சிலிங்



நான் பேசத் தொடங்குமுன் ஒரு ரயில் போனது. சத்தம் அடங்கட்டும் என்று நீங்கள் எல்லோரும் பொறுமையாக இருந்தீர்கள். தெமட்டகொடையில் வளர்ந்தவர்களுக்கு அது பழக்கம். நான் பிறந்ததும் அந்தச் சத்தத்துக்குள்தான். என் அப்பா றெயில்வேயில் கிளாக்கராக இருந்தவர். குவாட்டர்சில் இரண்டு அறை, பின்னால் ஒரு குசினி, அதற்கப்பால் வேலி. அவர் காலமான பிறகு அவருடைய பழைய பிஸ்கட் ரின் ஒன்றைத் திறந்தேன். பழைய சைக்கிள் லைசன்ஸ் தகடுகள், ரேடியோ லைசன்ஸ் புத்தகம், அடியில் ஒரு சின்ன உலோகத் தகடு. ஐம்பது சதக் குற்றி அளவு. மேலே ஒரு துளை. ஒரு எண்ணும் ஆண்டும் அச்சடித்திருந்தது. அது எங்கள் நாய் ஜிம்மியின் லைசன்ஸ். அதை இன்று சட்டைப் பையில் கொண்டு வந்திருக்கிறேன்.

அந்தத் தகட்டோடு ஒரு நினைவும் இருக்கிறது. எங்கள் வேலிக்கு அப்பால் ஓர் ஆச்சி இருந்தார். விடியற்காலையில் அப்பம் சுட்டு விற்பார். அவருடைய அடுப்படிக்குப் பக்கத்தில் ஒரு சாக்கில் ஒரு கறுப்பு நாய் படுத்திருக்கும். கறுப்பன் என்று கூப்பிடுவோம். அதன் கழுத்தில் தகடு இல்லை. ஒரு நாள் காலையில் நாய் பிடிக்கிற வண்டி வந்தது. ஜிம்மியின் தகட்டைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். கறுப்பனுக்குக் கயிறு விழுந்தது. கையில் கொப்பியோடு நின்றவர் ஆச்சியிடம் ஒன்றுதான் கேட்டார்: “உங்கடையா, இல்லையா?” ஆச்சி சொன்ன பதில் ஐம்பது வருடத்துக்கு மேலாக என் காதில் இருக்கிறது: “என்ர நாய் எண்டு சொல்ல ஏலாது தம்பி, ஆனா என்னோட இருக்கிற நாய்.” அந்தக் கொப்பியில் அப்படியொரு பதிலை எழுத இடம் இருக்கவில்லை. வண்டி போய்விட்டது.

அந்தச் சட்டத்துக்கு நியாயம் உண்டு. நாய்களைப் பதிவு செய்யும் 1901ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் வந்ததன் பின்னணியில் விசர்நாய்க்கடி பற்றிய அச்சம் இருந்தது. கடிபட்டுச் செத்த குழந்தைகளின் பெற்றோர் அதைக் கொடுமை என்று சொல்லமாட்டார்கள். நான் இன்று பேச வந்தது அதற்கு 53 வருடம் முந்திய இன்னொரு நாய் வரியைப் பற்றி. அதற்கு நோய் காரணமில்லை. பணம் காரணம். அதற்குப் பின்னால் ஒரு கொள்கை, ஒரு வாதம். ஆடம்பரம் என்றால் என்ன, அதற்கு வரி போடலாமா, போட்டால் யார்மேல் போடுவது என்று லண்டனிலும் கொழும்பிலும் படித்த மனிதர்கள் கடிதம் கடிதமாக எழுதி வாதாடினார்கள். அந்த வாதத்தின் முடிவு மாத்தளையில் துப்பாக்கிச் சூடாக வந்தது.

முதலில் இங்கிலாந்துக்குப் போக வேண்டும், ஏனென்றால் நாய் வரி அங்கிருந்துதான் கப்பலேறி வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இங்கிலாந்து, போருக்குப் பணம் தேட ஆடம்பரங்களைத் தேடித் தேடி வரி போட்ட நாடு. வண்டிக்கு வரி, ஆண் வேலைக்காரருக்கு வரி, சன்னலுக்கு வரி. 1795இல் தலைமயிருக்கு மா பூசுவதற்கும் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு ஒரு கினி, அதாவது 21 சிலிங், வரி வந்தது. மா பூசும் வழக்கம் குறைந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணம். அடுத்த ஆண்டு, 1796இல், நாய் வரி. வேட்டை நாய்க் கூட்டம் வைத்திருக்கும் பிரபு அதைக் கட்டட்டும் என்பதுதான் வாதத்தின் தொடக்கம்.

ஆனால் அந்தப் பாராளுமன்றத்தில் ஒரு கேள்வி எழுந்தது. ஏழையின் நாய் என்னாவது? வில்லியம் விண்டம் என்ற உறுப்பினர் எழுந்து, வேறு துணையில்லாத ஏழைக்கும் அவனுடைய நாய்க்கும் இடையில் இருக்கும் பாசத்தைப் பற்றிப் பேசினார். அதற்காக அவரைக் கேலி செய்தவர்களும் இருந்தார்கள். ஆனாலும் சட்டம் நிறைவேறியபோது, மற்ற வரிகளைக் கட்டும் அளவுக்கு வசதியில்லாதவன் வைத்திருக்கும் ஒற்றை நாய்க்கு, அது வேட்டை நாயாக இல்லாவிட்டால், விலக்குக் கிடைத்தது. ஒரு பாராளுமன்றம் ஏழையின் வாசலில் படுத்திருக்கும் நாயை ஆடம்பரம் அல்ல என்று ஏற்றுக்கொண்டது. 1796 என்ற இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டில்தான் இங்கிலாந்துக்காரர் ஒல்லாந்தரிடமிருந்து கொழும்பைப் பிடித்தார்கள்.

பிடித்த கையோடு வரி போட்டார்கள். கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னை நிர்வாகம் ரொபர்ட் அன்ட்ரூஸ் என்பவரை வருமானத்துக்குப் பொறுப்பாக அனுப்பியது. அவரோடு சென்னைப் பக்கத்திலிருந்து அமில்தார்கள் வந்தார்கள். நம் மொழி பேசியவர்கள் அவர்களில் இருந்தார்கள் என்பதைத் தமிழ் மேடையில் நின்று சொல்லாமல் விடக்கூடாது. உள்ளூர் முதலியார்களை ஒதுக்கிவிட்டு இவர்கள் வரி அறவிட்டார்கள். தென்னை மரத்துக்கு வரி வந்தது. 1797இல் கரையோரச் சிங்களக் கிராமங்கள் கிளர்ந்தன. விசாரிக்க டி மியூரன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. மரவரி போனது, முதலியார்கள் திரும்பி வந்தார்கள்.

அடுத்து வந்த தேசாதிபதி பிரெடெரிக் நோர்த். 1798 முதல் 1805 வரை இருந்தவர். அவர் காலத்து வரிகளில் ஒன்றுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் ஜோய் வரி. ஆங்கிலத்தில் கேட்டால் மகிழ்ச்சிக்கு வரி போட்டதுபோல் இருக்கும். உண்மையில் போர்த்துக்கேய மொழியில் நகைக்கு ஜோயா என்று பெயர். அது தேய்ந்து வந்தது இது. நகை அணிகிறவர் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய வரி. நகையைவிடத் தெளிவான ஆடம்பரம் வேறென்ன என்று கேட்கலாம். ஆனால் கிராமத்துப் பெண்ணின் காதில் தொங்குவது அலங்காரம் மட்டுமல்ல. மழை பொய்த்தால் அடகுக்குப் போவது அது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் கழற்றுவது அது. வங்கிப் புத்தகம் இல்லாத ஊரில் வங்கியே அதுதான். அந்த வரியை மக்கள் வெறுத்தார்கள். அது நிலைக்கவில்லை.

திருவிதாங்கூரில் இதற்கு இன்னும் கசப்பான வடிவம் இருந்தது. சில சாதியினர் பொன் வெள்ளி நகை அணிவதென்றால் அரசுக்குப் பணம் செலுத்தி அனுமதி வாங்க வேண்டும். அந்தக் கட்டணத்தை 1818இல் ராணி கௌரி பார்வதி பாய் நீக்கினார். அங்கே ஆடம்பரம் என்பது பொருளின் விலையைப் பொறுத்ததே அல்ல, அணிபவரின் பிறப்பைப் பொறுத்தது. மேல்நிலையில் இருப்பவர் கழுத்தில் கிடந்தால் அது வழக்கம், கீழே வைக்கப்பட்டவர் கழுத்தில் ஏறினால் அது மிஞ்சல். வெள்ளைக்காரன் வந்துதான் இதைத் தொடங்கினான் என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது.

இனி 1848. இங்கே கொஞ்சம் நின்று பேசப் போகிறேன்.

1840களின் முற்பகுதியில் கண்டி மலைகளில் கோப்பிப் பைத்தியம் பிடித்திருந்தது. அரச உத்தியோகத்தர்களே காணி வாங்கினார்கள், காட்டை வெட்டினார்கள், தோட்டம் போட்டார்கள். 1847இல் இங்கிலாந்தில் வர்த்தகம் நொடித்தது. கோப்பி விலை விழுந்தது. கடனில் தோட்டம் போட்டவர்கள் முறிந்தார்கள். அந்த வருடம்தான் டொரிங்டன் பிரபு தேசாதிபதியாக வந்திறங்கினார். வயது முப்பத்தைந்துகூட ஆகவில்லை. குடியேற்ற நாடு எதையும் ஆண்ட அனுபவம் இல்லை. பிரதமர் ஜோன் ரசலுக்கு உறவினர். காலித் திறைசேரி, கூக்குரலிடும் தோட்டத் துரைமார், இவைதான் அவருக்குக் கிடைத்த வரவேற்பு.

அவருக்கு முன்பே ஒரு திட்டம் எழுதி வைக்கப்பட்டிருந்தது. குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் இலங்கையின் வரிகளை ஆராய்ந்து அறிக்கை கொடுத்திருந்தார். ஏற்றுமதித் தீர்வைகளை எடுத்துவிட வேண்டும், இறக்குமதித் தீர்வைகளைக் குறைக்க வேண்டும், பதிலாக நிலவரி போட வேண்டும் என்பது அதன் சாரம். இங்கிலாந்தில் 1846இல் தானியச் சட்டங்கள் நீக்கப்பட்டு, தடையற்ற வர்த்தகமே வேதம் என்று ஆகியிருந்த காலம் அது. கோப்பி ஏற்றுமதிக்கு இருந்த இரண்டரை சதவீதத் தீர்வை போயிற்று. நிலவரி மட்டும் வரவில்லை. அது வந்திருந்தால் தோட்டத் துரையின் ஆயிரம் ஏக்கருக்கும் அடி விழுந்திருக்கும். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் டொரிங்டனின் புது வரிகள் வந்தன.

இந்த இடத்தில் லண்டனில் இருந்த ஒருவரைக் கூப்பிட வேண்டும். குடியேற்ற நாடுகளுக்குப் பொறுப்பான அமைச்சர் ஏர்ல் கிரே. 1848இல் டொரிங்டனுக்கு எழுதிய கடிதத்திலும், பதவி விட்டபின் 1853இல் வெளியிட்ட நூலிலும் அவர் தம் வரிக் கொள்கையை மறைக்காமல் விளக்கியிருக்கிறார். அதை என் சொல்லில் சொல்கிறேன். குளிர் நாட்டு ஏழை உழைக்காவிட்டால் சாவான். வெப்ப நாட்டுக் குடியானவனுக்கு மண் கொடுக்கிறது, மரம் கொடுக்கிறது. அவனுடைய தேவைகள் சொற்பம், ஆகவே அவன் கூலி வேலைக்கு வரமாட்டான். அவனை உழைக்க வைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, அவன்மேல் நேரடியாக வரி போடுவது. வரி கட்டக் காசு வேண்டும், காசுக்கு வேலை செய்ய வேண்டும். மற்றது, அவனுக்கு ஆசை காட்டுவது. வெளிநாட்டுத் துணியும் சாமானும் மலிவாகக் கிடைத்தால் அவற்றை வாங்க ஆசைப்படுவான், அந்த ஆசை அவனை உழைக்க வைக்கும், அதுவே நாகரிகத்தின் முதல் படி. ஆகவே இங்கிலாந்தில் சரியான வரி இங்கே பிழை. அங்கே ஆடம்பரத்துக்கு வரி போடலாம். இங்கே இறக்குமதியாகும் ஆடம்பரத்துக்கு வரியைக் குறைக்க வேண்டும், மனிதனுக்கு வரியைக் கூட்ட வேண்டும்.

இதை முதன்முதலில் வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இரண்டாம் முறை வாசித்தபோது ஒரு மரியாதையும் வந்தது. வேறு யாரும் இவ்வளவு வெளிப்படையாக எழுதி வைக்கவில்லை. கிரே முட்டாள் அல்ல, கொடூரரும் அல்ல. அவருக்குத் தெரிந்த பொருளியலின்படி அது அக்கறையான யோசனை. அதில் உள்ள குறை ஒரே இடத்தில்தான். தேவை சொற்பம் என்று அவர் சொன்னாரே, அதை எப்படி அளந்தார்? கண்டி வீட்டில் என்னென்ன இருந்தன, அவற்றில் எது தேவை, எது மிகை என்று யாரிடம் கேட்டார்?

சரி, அந்த வீட்டுக்குள் போவோம். கண்டிக் கிராமத்து மனிதன் ஒருவன். கொஞ்சம் வயல், மேட்டில் ஒரு சேனை. குரக்கன் கதிர் முற்றும் காலத்தில் காட்டுப்பன்றி வரும், சில இடங்களில் யானையும் வரும். அதற்கு ஒரு பழைய துவக்கு, சுவரில் சாத்தியிருக்கும். இரவில் குரைத்து எழுப்ப நாய்கள். அந்த நாய்களில் ஒன்று அவனுடையது, மற்றது ஊருடையது, இன்னொன்று யாருடையதென்று யாருக்கும் தெரியாது. எல்லாம் எங்கள் ஆச்சியின் கறுப்பனைப் போலத்தான். ஊர்ச் சந்தியில் உப்பும் கருவாடும் புகையிலையும் விற்கும் ஒரு சின்னக் கடை.

1848 ஜூலை மாதம் இந்த வீட்டு வாசலுக்கு வந்த வரிகள் இவை. துவக்கு லைசன்சுக்கு ஆண்டொன்றுக்கு இரண்டரை சிலிங். நாய்க்கு ஒரு சிலிங். கடைக்கு ஒரு பவுண். வண்டிக்கும் வள்ளத்துக்கும் தனி. எல்லாவற்றுக்கும் மேலே வீதிக் கட்டளைச் சட்டம்: 18 வயது முதல் 55 வயது வரையுள்ள ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், முடியாவிட்டால் மூன்று சிலிங் கட்ட வேண்டும். கோப்பி இறங்கிவர வீதி வேண்டும். கோப்பித் துரைக்கு ஏற்றுமதித் தீர்வை போய்விட்டது. வீதியைக் கிராமத்தான் வெட்ட வேண்டும்.

மாணவர்களே, இங்கே ஒரு கணக்கைச் செய்து பாருங்கள். நான் வேறெங்கும் தேடிப் போகவில்லை, சட்டத்துக்குள்ளேயே அளவுகோல் இருக்கிறது. ஆறு நாள் வேலைக்கு மூன்று சிலிங் சமம் என்று அரசாங்கமே எழுதியிருக்கிறது. அப்படியென்றால் ஒரு கிராமத்தானின் ஒரு நாளின் விலை அரை சிலிங். அந்த அளவில் துவக்குக்கு ஐந்து நாள். நாய் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள். ஒரு துவக்கும் இரண்டு நாயும் வைத்திருக்கும் ஒற்றை ஆண், வீதி வேலையையும் சேர்த்தால், ஆண்டில் பதினைந்து நாளை அரசுக்குக் கொடுக்க வேண்டும். வளர்ந்த மகன் ஒருவன் இருந்தால் இருபத்தொரு நாள். சந்தியில் கடை வைத்திருப்பவன் அந்தக் கடைக்கு மட்டும் நாற்பது நாள். பவுண், சிலிங் என்று வாசித்தால் இது சின்னத் தொகை. நாளாக மாற்றினால்தான் முதுகு வலிக்கிறது.

1796இல் லண்டனில் ஏழையின் நாய்க்காக ஒரு விண்டம் எழுந்தார் என்றேன். கொழும்பில் யார் எழுவது? 1833இல் அமைந்த சட்டநிரூபண சபையில் பதினைந்து பேர். ஒன்பது பேர் அரச உத்தியோகத்தர். உத்தியோகப் பற்றற்றவர் ஆறு பேர்: மூன்று ஐரோப்பியர், ஒரு சிங்களவர், ஒரு பறங்கியர், ஒரு தமிழர். எல்லோரும் தேசாதிபதி நியமித்தவர்கள். கண்டிச் சிங்களவருக்கென்று ஓர் இடம் 1889இல்தான் வந்தது, முஸ்லிம்களுக்கும் அதே ஆண்டில்தான். துவக்கும் நாயும் சேனையும் யாருடைய வீட்டில் இருந்தனவோ அவருடைய ஆள் ஒருவர்கூட அந்த மேசையில் இல்லை. ஆகவே அந்த நாய் ஆடம்பரமா என்ற விவாதமே நடக்கவில்லை.

எழுந்த குரல் ஒன்று சபைக்கு வெளியே இருந்து வந்தது. கிறிஸ்தோபர் எலியட் என்ற அயர்லாந்து மருத்துவர், கொழும்பு ஒப்சேவர் பத்திரிகையின் ஆசிரியர். ‘ஓர் ஆங்கிலேயன்’ என்ற ஒப்பத்தோடு அந்த ஜூலையில் அவர் ஒரு கடிதம் வெளியிட்டார். பிரதிநிதி இல்லாத மக்கள்மேல் வரி போடக்கூடாது என்பது அதன் அடிநாதம். அந்த ஆண்டின் பெப்ரவரியில்தான் பாரிசில் அரசன் ஓடியிருந்தான். அந்தச் செய்தியின் சூடு எலியட்டின் எழுத்தில் இருந்தது. அது சிங்களத்திலும் பரவியது. கொழும்பிலும் மக்கள் திரண்டு முறையிட்டார்கள். பிறகு டொரிங்டன் தரப்பு எல்லாப் பழியையும் அந்தக் கடிதத்தின் தலையில் கட்டப் பார்த்தது. ஒரு பத்திரிகைக் கடிதத்துக்கு அவ்வளவு பலம் இருந்தால் பத்திரிகைக்காரர்கள் மகிழலாம். ஆனால் மாத்தளைக் கிராமத்தானை எழுப்பியது கடிதம் அல்ல, வாசலில் நின்ற வரிக் கணக்கு.

நடந்ததை நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறீர்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். ஜூலை 6இல் கண்டிக் கச்சேரியில் மக்கள் கூடினார்கள். மாத முடிவில் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடி சூட்டப்பட்டார். புரன் அப்புவின் தலைமையில் கூட்டம் மாத்தளைக்குள் புகுந்தது. படைச் சட்டம் பிரகடனமாயிற்று. அரசாங்கப் படையில் ஒருவர்கூடச் சாகவில்லை. கிளர்ந்தவர் பக்கத்தில் சுமார் இருநூறு பேர் சுடப்பட்டார்கள். இராணுவ நீதிமன்றம் தீர்ப்பளித்துப் பதினெட்டுப் பேரின் உயிரை எடுத்தது. புரன் அப்பு ஆகஸ்ட் 8இல் கண்டியில் சுடப்பட்டார். ஒரு பிக்குவைக் காவியுடையோடேயே சுட்டார்கள். அந்தச் செய்தி லண்டன் வரை போய்ச் சுட்டது. 1849இல் பாராளுமன்றக் குழு விசாரணை தொடங்கியது, டொரிங்டன் 1850இல் திருப்பி அழைக்கப்பட்டார். குழு வேலை முடிந்த 1851இல்தான் இங்கிலாந்தில் சன்னல் வரியும் ஒழிந்தது. அவர்களுடைய வீட்டுக்குள் வெளிச்சம் வந்தது என்று சந்தோஷப்படுவோம்.

புது வரிகளில் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. வீதி வரி மட்டும் நின்றது. பிக்குகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டு அதைத் தொடர்ந்து வாங்கினார்கள். எழுபது வருடத்துக்கு மேல் அது இருந்தது. 1920களின் தொடக்கத்தில் ஏ. ஈ. குணசிங்கவும் அவருடைய இளம் இலங்கைச் சங்கத் தோழர்களும் தலைவரி என்று பெயர் பெற்றிருந்த அந்த வரியைக் கட்ட மறுத்தார்கள். கட்டாதவனுக்குத் தண்டனை வீதி வேலை. படித்த வாலிபர்கள் கொழும்பின் நடுவில் வேலை செய்வதைச் சனங்கள் நின்று பார்த்தார்கள். வரி ஒழிந்தது. குணசிங்க பிறகு எங்கள் ரயில் தொழிலாளர்களின் தலைவராக வந்ததும், அதற்குப் பிறகு இந்தியத் தமிழ், மலையாளத் தொழிலாளர்களுக்கு எதிராகப் பேசியதும் வேறு கதை. அதையும் மறைக்க நான் விரும்பவில்லை, ஆனால் அந்த வீதி வேலைக்காக அவருக்கு என் வணக்கம் உண்டு.

ஆடம்பரத்தை விட்டுவிட்டு வரி எங்கே போய் உட்கார்ந்தது என்றும் பார்க்க வேண்டும். உப்பில். புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் விளைந்த உப்பு அரசாங்கத்தின் ஏகபோகம். எடுக்கும் செலவைப்போல் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். அரிசியில். உள்ளூர் நெல்லுக்கு வரி, இறக்குமதி அரிசிக்குத் தீர்வை. நெல்வரி கட்ட முடியாதவர்களின் வயல்கள் நுவரெலியாப் பக்கத்தில் ஏலத்தில் போயின. ஜோர்ஜ் வோல் என்ற தோட்டத்துரை வர்த்தகரே அதற்கெதிராக ஓயாமல் எழுதினார். தேசாதிபதி ஹவ்லொக் காலத்தில், 1892இல், நெல்வரி ஒழிந்தது. இறக்குமதி அரிசித் தீர்வை நின்றது. அந்த அரிசியைத் தின்றவர் யார்? தோட்ட லயங்களில் இருந்த நம் சனம்தான். கோப்பியும் பிறகு தேயிலையும் நாட்டை விட்டுப் போக வழிவிட்டு, அவற்றைப் பறித்தவளின் சோற்றுப் பானைக்குள் கை விட்டார்கள். வைன் போத்தலின் மேல் வரி வராமலில்லை. ஆனால் போத்தல் குடிப்பவர் சில ஆயிரம், சோறு தின்பவர் பல இலட்சம். திறைசேரிக்கு எண்ணிக்கை தெரியும்.

வருமான வரி எப்போது வந்தது தெரியுமா? 1932. இங்கிலாந்தில் பிரதமர் பிட் காலத்திலேயே, 1799இல், வந்துவிட்ட வரி, இந்தியாவில் 1860இல் வந்துவிட்ட வரி, இலங்கையில் அவ்வளவு காலம் வரவில்லை. தோட்டக் கம்பனிகள் விரும்பவில்லை, கறுவாத்தோட்டத்து நம்மவர்களும் விரும்பவில்லை. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையைக் கொடுத்தது. ஆச்சிக்கும் வாக்கு வந்தது. அடுத்த வருடமே வருமான வரிச் சட்டம் வந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் திறைசேரி வரண்டதும் காரணம்தான். ஆனாலும் அந்த இரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்து நிற்பதைத் தற்செயல் என்று என் மனம் ஒப்பவில்லை. நாயையும் காதுத் தோட்டையும் அரிசியையும் தேடிப்போன அரசாங்கம், வாக்குப் பெட்டி வந்தபிறகுதான் பெரிய வீட்டின் வருமானக் கணக்கைத் திறந்து பார்த்தது.

இன்றைக்கு வருகிறேன். 2018 செப்டம்பருக்கு முன், நம் நாட்டில் இறக்குமதியாகும் சானிட்டரி நப்கினின் மேல் விழுந்த வரிகளையெல்லாம் கூட்டினால் நூறு சதவீதத்தைத் தாண்டியது. பொருளின் விலையைவிட வரி கூட. அந்த ஆண்டு ஒரு வரியை நீக்கினார்கள், அப்போதும் பாதிக்கு மேல் இருந்தது. யாரோ ஓர் அதிகாரி பெண்களைத் தண்டிக்க வேண்டும் என்று நினைத்து இதைச் செய்யவில்லை. அட்டவணையில் ஒரு வரிசை, அதில் ஒரு பொருள், பக்கத்தில் ஒரு விகிதம். எழுதியவருக்கு அது மாதந்தோறும் வாங்க வேண்டிய பொருளாக இருக்கவில்லை, அவ்வளவுதான். 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமாக ஏறியபோது புத்தகமும் அதற்குள் வந்தது. இந்த ஊர்க் கடையொன்றில் ஒரு தாய், மகளின் உயர்தரப் பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, பின்னட்டையில் விலையைப் பார்த்து, திரும்ப வைத்ததை நான் பார்த்தேன். மகள் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தின் முனையை நேராக்கி வைத்துவிட்டு வந்தாள்.

பெரிய வாகனத்துக்கு ஆடம்பர வரி போடுவதை நான் எதிர்க்கவில்லை. போட வேண்டும், கூடப் போட வேண்டும். அந்த வரிசையில் அதோடு வேறென்ன நிற்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன். அதற்கு உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன், மாணவர்களே. அடுத்த வரவு செலவுத் திட்டம் வந்ததும் அதன் வரி அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். தொகையை ரூபாவில் வாசிக்காதீர்கள். 1848க்கு நாம் செய்ததுபோல் நாளாக மாற்றுங்கள். இந்த ஊரில் வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் நாட்கூலி என்ன, அந்தப் பொருளின் வரி அவளுடைய எத்தனை மணி நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். சிங்களப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யுங்கள், மூன்று மொழியிலும் போடுங்கள். பழையதையும் பார்க்க விரும்பினால் கொழும்பிலேயே தேசிய சுவடிகள் கூடம் இருக்கிறது.

இந்தத் தகட்டை இந்த மண்டபத்து நூலகத்தில் வைக்கும்படி கொடுத்துவிட்டுப் போகிறேன். இதில் எண் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது. பெயர் இல்லை. பக்கத்தில் வைக்கும் அட்டையில் ஜிம்மி என்று எழுதுங்கள். அதற்குக் கீழே கறுப்பன் என்றும் எழுதுங்கள். அதற்குத் தகடு இருக்கவில்லை என்பதையும், அது ஆச்சியோடு இருந்த நாய் என்பதையும் சேர்த்து.